குழந்தை உடனே அழுதுவிட்டது. பிறகு ஏன் ஐம்பது நிமிடம் தாயிடம் கொடுக்கவில்லை?

04 மே 2024, காலை 7.15 (கேள்வி)

நேற்று முன்தினம் இரவு 11.20க்கு என் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை, நிறைமாதம், எடை 3.1 கிலோ. தனியார் மருத்துவமனை என்பதால் என்னையும் உள்ளே இருக்கவிட்டார்கள். குழந்தை வெளியே வந்ததும் நன்றாக அழுதது. அப்படியிருந்தும் அந்த நொடியிலேயே தொப்புள்கொடியை வெட்டி, மூலையிலிருந்த வார்மருக்கு (குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) கொண்டுபோய், மூக்கிலும் வாயிலும் குழாய் விட்டு உறிஞ்சி, எடை போட்டு, ஊசி போட்டு, பாதத்தில் மை தடவி, துணி சுற்றிப் பக்கத்து அறைக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். தாயிடம் கொடுக்கும்போது மணி 12.10. கேட்டதற்கு, 'எல்லாம் ரொட்டீன்தான் சார்' என்று பதில் வந்தது. இவற்றில் எது கட்டாயம், எது வெறும் வழக்கம்?

04 மே 2024, காலை 9.40

நான் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் லேபர் வார்டு, கடைசி ஆறு ஆண்டுகள் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு. 2019இல் ஓய்வு பெற்றேன். நீங்கள் பட்டியலிட்டவற்றில் சில தேவையே இல்லாதவை. தேவையானவற்றைத் தாயின் வயிற்றின் மேலேயே வைத்துச் செய்திருக்கலாம், அல்லது ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டிருக்கலாம். ஐம்பது நிமிடம் பிரித்து வைத்ததற்கு நீங்கள் எழுதியதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

நிறைமாதத்தில் பிறந்து தானாக மூச்சு விடும் குழந்தையை முதலில் தாயின் வயிற்றின் மேல் போட வேண்டும். அங்கேயே, முன்கூட்டிச் சூடாக்கி வைத்த துணியால் தலையிலிருந்து தொடங்கி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அந்த ஈரத்துணியை எறிந்துவிட்டு, இரண்டாவது துணியைக் குழந்தையின் முதுகின் மேல் போர்த்தி, தலைக்குக் குல்லாய் வைக்க வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டுவைத்து, மூன்று நிமிடத்துக்குள் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதன்பின் குழந்தையை மார்புக்கு நகர்த்தி, தோலோடு தோல் படும்படி ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தலையைத் திருப்பி, வாயைச் சப்பி, மார்பைத் தேடிப் பிடித்துவிடும். எடை, ஊசி, கால் ரேகை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு நிமிடத்தில் ஆப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு அளவிடுவது) போட்டுப் பார்த்து, அது குறைவாக இருந்தால்தான் வார்மர்.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே தவிர, உங்கள் குழந்தைக்கு நடந்ததை நான் பல ஆயிரம் குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1988இல் குழந்தை வந்ததும் கொடியை வெட்டி, இடது கையில் குழந்தையும் வலது கையில் பேப்பருமாக ஓடுவதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர். கேஸ் ஷீட்டில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பிரசவ மேசைக்குப் போனால் மேட்ரன் திட்டுவார். குழந்தையைத் தாயின் மேல் விட்டுவைத்ததற்குக் கேஸ் ஷீட்டில் கட்டம் எதுவும் இருக்கவில்லை.

04 மே 2024, காலை 10.05

ஒன்றை விட்டுவிட்டேன். குழந்தையை எடுத்துச் செல்லும் முன் தாயிடம் காட்டி, அது ஆணா பெண்ணா என்று தாயின் வாயாலேயே சொல்ல வைத்தார்களா? 'என்ன குழந்தைன்னு பாத்துச் சொல்லும்மா' என்று கேட்டு, அவர் சொன்ன பிறகு கையில் பட்டை கட்டிவிட்டுத்தான் குழந்தை மேசையை விட்டு நகர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து லேபர் வார்டுகளில் பழைய விதி. குழந்தை மாறிவிட்டது என்ற சந்தேகம் வராமல் இருக்க, மை தடவிய பாதத்தைவிட இது மேல் என்பது என் அனுபவம். வழுக்கும் பாதத்தில் எடுத்த ரேகை பாதி நேரம் கறையாகத்தான் விழும்.

04 மே 2024, மாலை 6.30

மூக்கில் குழாய் விட்டதைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக அழும் குழந்தைக்கு உறிஞ்சுதல் தேவையில்லை. தொண்டையின் பின்பக்கம் குழாய் பட்டால் சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறைந்துவிடும். நன்றாக இருந்த குழந்தையை நாமே தொந்தரவில் தள்ளியதாகிவிடும். வாயில் சளியோ பனிக்குடநீரோ தங்கி மூச்சை மறித்தால் மட்டும், முதலில் வாய், பிறகு மூக்கு என்று மேலாக எடுத்தால் போதும். முதலில் மூக்கைத் தொட்டால் குழந்தை திடுக்கிட்டு வாயில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் அந்த வரிசை.

குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தால்கூட இப்போது முறை மாறிவிட்டது. துவண்டு பிறக்கும் அத்தகைய குழந்தைக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி உறிஞ்சிய பிறகே மற்றது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 2015இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று எடுத்துவிட்டன. உறிஞ்சுவதில் செலவாகும் நேரத்தில் குழந்தைக்குக் காற்று போவதில்லை என்பதே காரணம்.

நாங்கள் பயன்படுத்திய பழைய மியூக்கஸ் சக்கர் எப்படி இருக்கும் என்று இளைய சிஸ்டர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு முனை குழந்தையின் வாயில், மறுமுனை எங்கள் வாயில், நடுவே சின்னக் குப்பி. குப்பி நிரம்பியதைக் கவனிக்காமல் இழுத்தவர்கள் அன்று மதியம் சாப்பிட மாட்டார்கள்.

04 மே 2024, இரவு 11.10

மேலே மருத்துவர் ஒருவர் ஆப்கார் பற்றி என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் காலையில் எழுதியது தவறு. மதிப்பெண் குறைவாக இருந்தால்தான் வார்மர் என்று எழுதினேன். ஒரு நிமிட மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்தால், மூச்சு விடாத குழந்தைக்கு அந்த ஒரு நிமிடமும் வீணாகிவிடும். உதவி தேவையா என்பதை முதல் சில நொடிகளிலேயே மூச்சையும் தசையின் இறுக்கத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண் என்பது குழந்தை எப்படி வந்தது, செய்த உதவிக்கு எப்படித் தேறியது என்பதற்கான பதிவு. இத்தனை வருடம் வேலை பார்த்தவள் இதைத் தவறாக எழுதியது, பழைய பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்குச் சான்று.

ஆப்கார் என்பது ஆள் பெயர். வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் 1952இல் உருவாக்கி 1953இல் வெளியிட்ட முறை அது: இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2, மொத்தம் 10. அவர் காலம் வரை பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் தாயின் மேல்தான் இருக்கும். குழந்தையையும் ஒருவர் கடிகாரத்தோடு நின்று பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தப் பத்து மதிப்பெண் கொண்டுவந்தது.

எங்கள் கேஸ் ஷீட்டுகளில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் 8, ஐந்து நிமிடத்தில் 9. குழந்தையைப் பார்க்காமலேயே எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். முதல் நிமிடத்தில் 10 அரிதுதான், ஏனென்றால் அப்போது கையும் காலும் நீலமாகத்தான் இருக்கும். நலமான குழந்தைக்குக்கூட முதல் நிமிடத்தில் இரத்த ஆக்சிஜன் அளவு 60 முதல் 65 சதவீதம்தான். 85 முதல் 95க்கு வரப் பத்து நிமிடம் ஆகும். இது தெரியாத காலத்தில் நீலமாக இருக்கிறதே என்று ஓடி ஓடி ஆக்சிஜன் வைத்தோம்.

05 மே 2024, காலை 6.20

தூக்கம் வரவில்லை, அழாத குழந்தைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். இந்த இழையைப் படிக்கும் கர்ப்பிணிகள் பயப்பட வேண்டியதில்லை. நூறு குழந்தைகளில் 85 தாமாகவே மூச்சு விட்டுவிடும், மேலும் 10 துடைத்து முதுகைத் தேய்த்தால் விட்டுவிடும், ஏறக்குறைய 5 குழந்தைகளுக்குத்தான் பையை அழுத்திக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சை அழுத்தும் நிலை வரும் குழந்தைகள் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று. ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்பது பல நேரங்களில் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் எந்தப் பிரசவத்துக்கு முன்னும் அந்தக் காற்றுப் பையான ஆம்பு பேக்கை எடுத்து, மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு நிற்க வேண்டும்.

தேசிய அளவில் 2009இல் தொடங்கிய பச்சிளம் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியில் 2010இல் எனக்கு இடம் கிடைத்தது. இரண்டு நாள், ஒரு ரப்பர் பொம்மை. 'பிறந்த 60 நொடிக்குள் காற்று போக ஆரம்பித்திருக்க வேண்டும்' என்ற ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அப்போது 22 வருட அனுபவம். என்னைப் பொம்மையோடு உட்கார வைத்ததில் கொஞ்சம் கோபம்கூட.

அடுத்த வருடம் ஒரு மழைக்கால இரவு. மூன்று மேசையிலும் தாய்மார்கள், டூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். இரண்டாவது மேசைக் குழந்தை கொடி கழுத்தில் சுற்றி வந்தது. அழவில்லை, கையைத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி விழுந்தது. துடைத்தேன், முதுகை இரண்டு முறை தேய்த்தேன், ஒன்றுமில்லை. கொடியை வெட்டி வார்மரில் போட்டு மாஸ்க்கை வைத்து அழுத்தினால் நெஞ்சு எழவில்லை. பையைப் பலமாக அழுத்த வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. பொம்மை நினைவுக்கு வந்தது. தோளுக்குக் கீழே ஒரு துணியை மடித்து ஓர் அங்குல உயரத்துக்கு வைத்து, முகம் மேற்கூரையைப் பார்க்கும்படி தலையைச் சரிசெய்து, கன்னத்தின் ஓரம் காற்று கசிந்த இடத்தில் மாஸ்க்கை அமர்த்தி மீண்டும் அழுத்தியபோது, நெஞ்சு மெதுவாக, தூங்கும் குழந்தையுடையதைப் போல, மேலே எழுந்தது. 'அழுத்து, இரண்டு, மூன்று. அழுத்து, இரண்டு, மூன்று' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். அந்த வேகத்தில் சொன்னால் நிமிடத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது மூச்சு வரும். கொடியின் அடியை விரல்களுக்கிடையே பிடித்த ஆயாம்மா, 'துடிக்குது சிஸ்டர், வேகமாத் துடிக்குது' என்றார். துடிப்பு ஏறியது என்றால் காற்று நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பொருள். வேறு எந்த அடையாளமும் அதற்கு இணையில்லை. ஒன்றரை நிமிடம் இருக்கலாம், குழந்தை முகத்தைச் சுளித்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் அடிப்பது, குளிர்ந்த நீரைத் தெளிப்பது, காதில் ஊதுவது ஆகியவற்றை நான் சேர்ந்த காலத்தில் பெரியவர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அடித்தால் அழும் குழந்தை தேய்த்தாலும் அழும். தேய்த்து அழாத குழந்தை அடித்தாலும் அழாது, அதற்கு வேண்டியது காற்று.

05 மே 2024, மதியம் 1.45

கொடியைப் பற்றி. தாமதமாக வெட்டினால் குழந்தைக்கு 'ஒரு டம்ளர் இரத்தம்' கூடுதலாகப் போகும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். டம்ளர் எல்லாம் இல்லை; முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லி. ஆனால் மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான் என்று வைத்துப் பார்த்தால், அது சின்ன அளவு இல்லை. அதிலுள்ள இரும்புச்சத்து பின்வரும் மாதங்களில் சோகை வராமல் காக்கிறது. இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் தாய்மார்கள் நிறைந்த நம் ஊரில் இதை இலவசமாகக் கிடைக்கும் டானிக் என்று நான் சொல்வதுண்டு. மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் கொஞ்சம் கூடுவார்கள் என்பது உண்மை. அதைக் கவனித்துக்கொள்ள முடியும்.

கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கலாமா என்பது தனி விவாதம், இங்கே இழுக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும்: சேமிப்புப் பைக்குப் போகும் இரத்தம் குழந்தைக்குப் போக வேண்டிய இரத்தம். பிள்ளைக்குப் பிறவியிலேயே வரும் மரபணு நோய்க்கு அதே பிள்ளையின் கொடி இரத்தம் மருந்தாகாது, ஏனென்றால் அந்தக் கோளாறு அதற்குள்ளும் இருக்கும். விற்பனைக்கு வருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

05 மே 2024, இரவு 8.00

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது, இந்த வெயிலில் குழந்தைக்குக் குல்லாயா என்று கேட்பவருக்கு.

37 டிகிரி சூட்டில் நனைந்திருந்த உடம்பு 28 டிகிரி அறைக்கு வருகிறது. ஈரம் காயக் காய உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளித்துவிட்டு ஈரத்தோடு மின்விசிறியின் கீழே நின்று பாருங்கள். பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அதாவது எங்கள் ஊரில் மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரசவம் பார்க்க வேண்டும். தாய்க்கு வியர்க்கும், எங்களுக்கு வியர்க்கும், பயிற்சி மருத்துவர் மயங்கி விழுவார் (ஒருவர் விழுந்தே விட்டார், குழந்தையை விட்டுவிட்டு அவருக்கு சலைன் ஏற்றினோம்), ஆனால் குழந்தை பிறந்து துடைத்து முடியும் வரை விசிறி ஓடக் கூடாது. இதற்காக நான் வாங்கிய திட்டுகளைத் தொகுத்தால் தனி இழை தேவைப்படும்.

வயிறும் பாதமும் இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரை உணரத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு சேர்த்துப் போர்த்துங்கள். வயிறும் பாதமும் சில்லிட்டிருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் புறங்கையால் தொட்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

இதனோடு சேர்த்துக் குளியல். 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். வெண்ணெய் தடவியது மாதிரி தோலில் ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, தோலைக் காக்கும் பூச்சு. 'பேரன் இப்படியா கையில வரும்' என்று முகம் சுளிக்கும் பாட்டிகளுக்கு நான் இதைத்தான் சொல்லிவந்தேன். தொண்ணூறுகளில் எங்கள் வார்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாக் குழந்தைகளையும் வரிசையாகக் குளிப்பாட்டுவோம், இரவு மூன்று மணிக்குப் பிறந்த குழந்தையையும் சேர்த்து. ஷிஃப்ட் மாறும்போது வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா? காலை ஏழு மணிக்குப் பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் குழந்தைகளைப் பார்த்து, கிருமித் தொற்றோ என்று யோசித்திருக்கிறோம்.

05 மே 2024, இரவு 9.15

உடன் வேலை பார்த்த தோழி இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். ஐந்து மணி இல்லையாம், நாலரை மணியாம். ஐந்து மணிக்கு வெந்நீர் தீர்ந்துவிடும் என்று நினைவூட்டுகிறார். கடைசியில் நின்ற குழந்தைகளுக்கு என்ன நீரில் குளியல் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

06 மே 2024, காலை 10.30

வைட்டமின் கே ஊசியை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருப்பவருக்கு: வேண்டாம். நான் இந்த இழையில் 'தள்ளிப்போடலாம்' என்று சொல்வதை 'தேவையில்லை' என்று படித்துவிடாதீர்கள். இரத்தம் உறையத் தேவையான அந்த வைட்டமின் பிறக்கும்போது குழந்தையிடம் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. ஊசி போடாத சில குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் தொப்புளிலோ மலத்திலோ இரத்தம் கசியும். இன்னும் மோசமாக, ஒன்றரை இரண்டு மாதத்தில், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு மூளையில் கசியும். அப்படி ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத மாட்டேன். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 1 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி, தொடையின் வெளிப்பக்கத்தில். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் இதைக் கண்டுபிடித்து, உறைதலுக்கான தம் மொழிச் சொல்லின் முதல் எழுத்தையே பெயராக வைத்தார். 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சிக்கும் இதற்காகத்தான்.

தடுப்பூசிகளில் கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். காசநோய்க்கான பிசிஜியும் போலியோ சொட்டும் வீட்டுக்குப் போகும் முன். இந்த ஊசிகளைக் குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது போடுங்கள் என்று கேளுங்கள். பாதி அழுகைதான் வரும்.

06 மே 2024, மாலை 4.20

சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் வாயில் முதலில் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது) பற்றி இங்கே நடக்கும் சண்டையில் நான் நுழைய வேண்டாம் என்றுதான் இருந்தேன். 1994இல் என் மகன் பிறந்தபோது நான் ஆறு வருட அனுபவமுள்ள லேபர் வார்டு நர்ஸ். மயக்கம் தெளிந்து, சிசேரியன் வார்டில் கண்விழித்துப் பார்க்கிறேன், மாமியார் பஞ்சைச் சீனித்தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் என் பெரியப்பா. நல்ல குணம் உள்ளவர் தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பதற்காக அவரைத் தென்காசியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தினமும் வார்டில் மற்றவர்களிடம் சொல்கிற வாய், அன்று திறக்கவில்லை. சீம்பாலையும் இரண்டு நாள் பீய்ச்சி ஊற்றினோம்.

கஞ்சி மாதிரி மஞ்சளாக, சில கரண்டியளவே வரும் அந்தச் சீம்பால்தான் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. முதல் நாள் குழந்தைக்கு அவ்வளவு போதும், வயிறும் அவ்வளவுதான். சீனித்தண்ணீர் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், கிருமியையும் கொண்டுவரும். தேன் என்றால் இன்னும் ஆபத்து. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பெரியவர்களின் மனம் நோகக் கூடாது என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: தொட்டு வைக்க வேண்டியவர் தம் கையால் குழந்தையை எடுத்து முதல் பாலுக்குத் தாயிடம் கொடுக்கட்டும். அந்தப் பேறும் அவருக்கே.

என் பெரியப்பாவின் குணம் பையனுக்கு வந்ததா என்று கேட்கிறீர்கள். பெரியப்பா வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததில்லை. இவன் வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருக்கிறான்.

07 மே 2024, இரவு 12.50

எடை குறைந்த குழந்தைகளைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலை இங்கேயே போடுகிறேன், ஏனென்றால் முதல் நாள் நான் எழுதியதை இது திருத்துகிறது. நன்றாக இருக்கும் நிறைமாதக் குழந்தைக்குத்தான் தாயின் மார்பு, சிறிய குழந்தைக்கு வார்மர் என்ற எண்ணத்தில்தான் அன்று எழுதினேன். என் வேலைக்காலம் முழுவதும் அதுதான் பாடம். ஒன்றரைக் கிலோ குழந்தை என்றால் துணியில் சுற்றி, தாய்க்குத் தூரத்திலிருந்து ஒருமுறை காட்டி, மேல் மாடிக்கு ஓடுவோம். தாய் கீழ்த்தளத்தில். சிசேரியன் என்றால் மூன்று நாள் வரை அவரால் மாடி ஏற முடியாது.

கங்காரு முறை எங்களுக்குத் தெரியாதது இல்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல், போதிய இன்குபேட்டர் இல்லாத மருத்துவமனையில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் தாயின் மார்பையே இன்குபேட்டராக்கினார். ஆனால் நாங்கள் அதைக் குழந்தை தேறிய பிறகு, நான்காம் நாளோ ஏழாம் நாளோ, பரிசு மாதிரித்தான் கொடுத்தோம். 2021இல் வெளியான ஆய்வு அதைக் கவிழ்த்துவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பிறந்த உடனேயே மார்பில் சேர்த்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். தேறிய பிறகு சேர்த்தவர்களில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்த உடனே தொடங்குங்கள் என்று மாற்றி எழுதியது. அதற்காகத் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டியிருந்தது. அதைத்தான் அந்த ஐந்து மருத்துவமனைகளும் செய்தன.

அதைப் படித்தபோது நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். 2016இல் ஒரு தாய், இருபது வயதிருக்கும், மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து எங்கள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே எட்டுக் குழந்தைகள். 'எது என்னுதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா, உள்ள வரல' என்றார். விதியை மீறக் கூடாது என்று கண்ணாடி வழியாகவே விரலைக் காட்டிச் சொன்னேன். ஐந்தாவது வார்மர். அவர் நான்காவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. திருத்தினேன். அந்தக் குழந்தை தேறி வீட்டுக்குப் போயிற்று, ஆகவே கேஸ் ஷீட்டின்படி எல்லாம் சரி.

07 மே 2024, காலை 11.00

'வேலையில் இருக்கும்போது இதையெல்லாம் செய்திருக்கலாமே, ஓய்வு பெற்றதும் ஞானம் வருகிறது' என்று எழுதியிருக்கும் டாக்டர் தம்பிக்கு. வரவேற்கிறேன், நியாயமான குத்து. ஒரே சிஸ்டர் மூன்று மேசை பார்க்கும் இரவில் ஒரு மணி நேரம் தாயின் மேல் குழந்தையை விட்டுவிட்டு நகர்ந்தால், அது மூக்கு அமுங்கி மூச்சுத் திணறாமல் யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. குழந்தையின் முகம் ஒருபக்கம் திரும்பி, மூக்கு தெரிய, கழுத்து மடங்காமல் இருக்கிறதா என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் பார்க்க வேண்டும். தாய் அசதியில் தூங்கிவிடுவார், அவரை நம்பி விட முடியாது. உடனிருக்கும் துணைப்பெண்ணுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தால் செய்வார். எங்கள் வார்டில் துணைக்கு ஒருவரை அனுமதித்த பிறகுதான் எனக்கு இது சாத்தியம் என்றே தெரிந்தது. அதற்கு முன் அவர்களைக் கதவுக்கு வெளியே துரத்தும் வேலையையும் நானேதான் பார்த்தேன்.

08 மே 2024, காலை 8.10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நேற்று மருத்துவமனையில் எடை போட்டதில் 2.89 கிலோ, பிறந்தபோது 3.1 கிலோ, 210 கிராம் குறைந்துவிட்டது, பால் போதவில்லை, பவுடர் பால் சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்கிறார்.

முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம். உங்களுக்குக் குறைந்திருப்பது ஏழு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாள் ஆகிவிட்டதால், ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டதா, பால் குடித்தபின் கை விரல்கள் தளர்ந்து தூங்குகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டாம். குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தை ஒரு சிஸ்டரிடம் காட்டுங்கள். பாதம் வரை மஞ்சள் தெரிந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ இன்றே போங்கள்.

இன்னொன்று. அன்று இரவு பிறந்த சூட்டோடு எடை போட்டதாக எழுதியிருந்தீர்கள். துண்டோடு போட்டார்களா, துண்டில்லாமலா? பனிக்குடநீரில் நனைந்த ஒரு டர்க்கித் துண்டு நூறு கிராமுக்கு மேல் இருக்கும், அவசரத்தில் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன். உங்களிடம் அன்று எடுத்த வீடியோ இருந்தால் அந்தத் தராசு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

08 மே 2024, மதியம் 2.35

பார்த்துவிட்டார். துண்டோடுதான்.